அரைப்புள்ளிக்குப் பின்னால்

எங்கள் வீட்டுக்காரரிடம் மளிகைப் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்கச் சொன்னால் சேர்க்க மாட்டார். பழைய தாளை எதிரில் வைத்துக்கொண்டு, புதுத் தாளில் முழுப் பட்டியலையும் முதலிலிருந்து எழுதி, சேர்க்க வேண்டியதை அதற்குரிய இடத்தில் சேர்த்து, இரண்டையும் என் கையில் கொடுப்பார். பழையதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், அது அப்படியே இருக்கட்டும், அதை யாராவது நம்பிக்கொண்டிருக்கலாம் என்பார். எங்கள் வீட்டு உப்பு, சோப்புப் பட்டியலை நம்பிக்கொண்டு இந்த உலகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இருபத்தாறு வருடமாகக் கேட்கிறேன்.

இது அவருடைய கிறுக்கு மட்டும் இல்லை, அவர் புழங்கும் கம்ப்யூட்டர் நிரல் மொழியின் குணமும்கூட என்று பின்னால்தான் தெரிந்தது. அது ஃபங்ஷனல் வகையைச் சேர்ந்த மொழியாம். அதில் ஒருமுறை செய்து வைத்ததைத் திருத்துகிற பேச்சே கிடையாது. ஒன்றை உள்ளே கொடுத்தால் வேறொன்று புதிதாக வெளியே வரும். கொடுத்தது கொடுத்தபடியே கிடக்கும். இவர் அந்த மொழியைக் கற்றுக்கொண்டாரா, இல்லை இவரைப் பார்த்துத்தான் யாரோ அந்த மொழியை உண்டாக்கினார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

நாங்கள் இருவரும் ஒரே பஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர் டிக்கெட் மெஷின் ரிப்பேர் செய்பவராகச் சேர்ந்தவர். மெஷின் மட்டும் இல்லை, அதற்குள் இருக்கிற புரோகிராமும் பழுதாகும் என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யத் தானே புத்தகம் வாங்கிப் படித்து, இன்று டயர் கிடங்குக்கு மேலே உள்ள கம்ப்யூட்டர் அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் ரப்பர் வாடை அடிக்கும். நான் கீழே, டிப்போ வாசலுக்குப் பக்கத்தில், கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் டூட்டி எழுதுகிறவள். எந்த டிரைவர் எந்தத் தடத்தில் எந்த நேரம் ஓட்ட வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ட் போட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்கள். அத்தனை பேருக்கும் என் மேல் ஏதாவது ஒரு மனத்தாங்கல் இருக்கும்.

வீட்டுக்காரர் பேசுவதும் ஒரு தினுசாக இருக்கும். பல் வலியைப் பற்றி ஆரம்பிப்பார். நடுவில் பல் டாக்டர் வருவார். டாக்டர் வந்ததும் டாக்டரின் தம்பி வாங்கிய ஸ்கூட்டர் வரும், ஸ்கூட்டரை விற்றவர் வீட்டு நாய் வரும். வேறு யாராவது என்றால் நாயோடு கதை எங்கோ ஓடிப்போய்விடும். இவர் நாயை முடித்து, ஸ்கூட்டரை முடித்து, டாக்டரை முடித்து, கடைசியில் பல்லுக்கு வந்து சேர்ந்துவிடுவார். திறந்ததை மூடாமல் விட்டதே இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில், இப்போது எத்தனையாவது பிராக்கெட்டில் இருக்கிறீர்கள் அப்பா என்று கேட்பாள். அவரும் யோசித்துப் பார்த்து, மூன்றாவது என்று நேர்மையாகச் சொல்வார்.

பிராக்கெட் என்று மகள் சொன்னது சும்மா இல்லை. என் டூட்டி சார்ட் இருக்கிற ஃபைல் முழுக்கப் பிராக்கெட்தான். இவர் பாஷையில் அதற்கு எஸ்-எக்ஸ்பிரஷன் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்; மிரண்டவரைக்கும் நான் மிரண்டாகிவிட்டது. ஒரு பிராக்கெட் திறக்கும், உள்ளே சில சொற்கள் இருக்கும், பிராக்கெட் மூடும். ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு முழு பிராக்கெட் உட்கார்ந்திருக்கலாம். அதற்குள்ளும் இன்னொன்று. விஷயம் அவ்வளவுதான்.

(டிரைவர் 108 (தடம் 12) (ஷிப்ட் காலை) (ஓய்வு புதன்))

டிரைவர், வண்டி, தடம், நிறுத்தம் எல்லாம் சேர்த்து இப்படிப் பத்தொன்பதாயிரம் வரி. கம்பெனி எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்ட புரோகிராம் ஒன்று இதைப் படித்துதான் சார்ட்டை அச்சடிக்கும். நான் கையால் திருத்துவேன். எங்காவது ஒரு மூடும் பிராக்கெட் விட்டுப்போனால் தீர்ந்தது, புரோகிராம் படுத்துவிடும். எந்த வரியில் விட்டேன் என்று வாய் திறந்து சொல்லாது. அந்த எரிச்சலை நான் வீட்டுக்கு வந்து இவர் மேல் கொட்டுவேன், என்னவோ பிராக்கெட்டைக் கண்டுபிடித்ததே இவர்தான் என்கிற மாதிரி.

அந்த ஃபைலில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஓர் அரைப்புள்ளி போட்டுவிட்டால், அதற்குப் பின்னால் அந்த வரி முடியும்வரை நாம் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மெஷின் அதைக் கண்டுகொள்ளாது. 'மனைவிக்குச் செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரி, செவ்வாய் மாலை டூட்டி வேண்டாம்' என்று ஒரு டிரைவருக்கு எழுதி வைத்திருப்பேன். 'இவருக்கும் 77க்கும் அடுத்தடுத்து ஒரே வண்டியைக் கொடுக்காதே, சீட்டை யார் உயர்த்தியது என்று சண்டை' என்று இன்னொருவருக்கு. பதினோரு வருடத்தில் நான் எழுதியதும், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர் எழுதியதுமாக ஆயிரத்து நூற்று நாற்பது குறிப்புகள். ஒருவருடைய டூட்டி ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கும். தலையில் நிற்காது என்பதால்தானே எழுதுகிறோம்.

இந்த வருடம் எனக்கு முழங்காலில் ஆபரேஷன். ஐந்து வாரம் லீவு. எனக்குப் பதிலாக வேறு டிப்போவிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். நல்ல வேலைக்காரர். ஆனால் மேஜை மேல் கிடக்கிற பென்சில்கூட அவருக்கு நேராக இருக்க வேண்டும். டிரைவர்கள் மூன்றே நாளில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் காலை நீட்டிப் படுத்திருந்த நாட்களில் வீட்டுக்காரர் எனக்கு ஒரு பரிசு தயார் செய்தார். மற்றவர்கள் மனைவிக்கு மோதிரம் வாங்கித் தருவார்கள். இவர் பார்சர் எழுதினார், பிராக்கெட் ஃபைலைத் தானே படித்துத் திரும்ப எழுதுகிற புரோகிராம். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, எனக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிடுவார். முதல் பாதி ஃபைலைப் படிக்கும். அதற்கு அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம்: ஒரு பொருள் என்றால் அது தனிச் சொல்லாக இருக்கும், இல்லையென்றால் பொருள்களின் பட்டியலாக இருக்கும். பட்டியலைப் படிக்கிற பகுதி உள்ளே இன்னொரு பட்டியலைக் கண்டால் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். இரண்டாம் பாதி, படித்ததைத் திரும்ப எழுதும். ஒரு வரியில் அடங்கினால் ஒரே வரி. அடங்காவிட்டால் மடித்து, உள்ளே தள்ளி, ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி எழுதும். இனி மூடும் பிராக்கெட்டை நான் எண்ண வேண்டியதில்லை. ஏதாவது விட்டுப்போனால் எந்த வரி, எத்தனையாவது எழுத்து என்று சொல்லிவிடும்.

எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார் என்பதற்கு அவரே ஓர் உதாரணம் சொன்னார். நிறுத்தத்தின் பெயர் மேற்கோளுக்குள் இருக்கும். அந்தப் பெயருக்குள் அரைப்புள்ளி வந்தால் அது குறிப்பு ஆகாது. அதைக்கூடப் பிரித்துக் கண்டுபிடிக்கும்படி செய்திருந்தார். பிறகு முழு ஃபைலையும் படித்து, எழுதி, எழுதியதை மறுபடி படித்து, முதலில் படித்ததோடு ஒப்பிட்டார். ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை. கட்டிலில் என் கால்பக்கமாக உட்கார்ந்து இதைச் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வலி மாத்திரை மயக்கத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் என் மேல் இவ்வளவு பிரியம் உள்ள மனிதர் வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். அடுத்த நாளே அவர் ஃபைலைப் புது எழுத்துக்கு மாற்றிவிட்டார். அப்போது என் லீவில் இரண்டு வாரம் முடிந்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினேன். புது சார்ட்டை வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பலகையில் ஒட்டி, மேனேஜரும் சங்கத்துக்காரரும் கையெழுத்துப் போடுவார்கள். போட்டுவிட்டால் மூன்று மாதத்துக்கு அதில் கை வைக்க முடியாது. ஃபைலைத் திறந்தேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கண் கூசாத வரிகள், அடுக்கி வைத்த மாதிரி. நான்கு பக்கம் ரசித்துக்கொண்டே போனேன். ஐந்தாவது பக்கத்தில்தான் என் எழுத்து ஒன்றையுமே காணோமே என்று உறைத்தது. அரைப்புள்ளியைத் தேடச் சொன்னேன். நான்கு இடம் காட்டியது. நான்கும் நிறுத்தங்களின் பெயருக்குள் இருந்தன.

டயர் கிடங்குக்கு மேலே ஏற இருபத்திரண்டு படி. டாக்டர் ஏறக் கூடாது என்று சொன்ன காலோடு அத்தனையும் ஏறினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒப்பிட்டுப் பாத்தேன்னு சொன்னீங்களே" என்றேன்.

"பழசையும் இந்தப் பார்சர வெச்சுத்தான் படிச்சேன். அது குறிப்ப எல்லாம் தள்ளிட்டுத்தான் படிக்கும். ரெண்டுலயும் குறிப்பு இல்ல. அதான் ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு."

குறிப்பு எது, குறிப்பு இல்லாதது எது என்று அவ்வளவு கவனமாகப் பிரித்துப் பார்த்தது, பிசகு இல்லாமல் தூக்கி எறிவதற்காகத்தான் என்று அப்போது விளங்கியது. பார்சர் எழுதுகிறவர்கள் எல்லோருமே குறிப்பைத் தள்ளிவிட்டுத்தான் படிப்பார்களாம், அது கம்ப்யூட்டருக்குத் தேவை இல்லையாம். எனக்குத் தேவையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பழைய ஃபைல் பத்திரமாக இருந்தது. இவர் எதைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறார்? ஆனால் அதை அப்படியே திரும்ப வைக்க வழியில்லை. ஸ்கேல் அந்த மூன்று வாரத்தில் புது ஃபைலில் முந்நூற்று நாற்பது திருத்தம் செய்திருந்தார். புது வண்டிகள், இடம் மாறிய டிரைவர்கள், மூடிய நிறுத்தங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. இரண்டையும் வரி வரியாக ஒப்பிடலாம் என்றால், எழுத்தையே மடித்து அடுக்கிவிட்டதால், பத்தொன்பதாயிரம் வரியும் மாறியிருக்கிறது என்றது கம்ப்யூட்டர். இது போதாதென்று, காரணம் எதுவும் கண்ணில் படாததால் ஸ்கேல் கோணலாக இருந்த டூட்டிகளைப் பிடித்து நேராக்கியும் வைத்திருந்தார்.

அப்படி நேராக்கியதில் ஒன்றைப் பார்த்ததும்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. 42ஆம் நம்பர் டிரைவரை ஏழாம் தடத்தில் போட்டிருந்தார். அவருக்கு அந்தத் தடம் ஆகாது என்று எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். காரணம் கேட்காதே என்றும் அதிலேயே எழுதியிருந்தார். ஏதோ பெரிய துக்கம் இருக்க வேண்டும் என்று நானாகவே புரிந்துகொண்டேன். 42 வாயாடி மனிதர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜன்னலில் வந்து நின்று, நிழலான ரோடு, நெரிசல் இல்லாத தடம், எனக்கு ஏழு கொடுங்கள் என்று கெஞ்சுவார். பாவம், மனசில் இருப்பதை மறைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறார் என்று நான் உள்ளுக்குள் உருகிப்போய், முடியாது என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வேன். பதினோரு வருடமாக அவரைக் காப்பாற்றி வந்திருக்கிறேன். இப்போது எல்லாம் போச்சு.

படியில் நின்றுகொண்டே வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். உங்கள் பரிசும் வேண்டாம், உங்கள் அழகும் வேண்டாம், என் மனிதர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் குறிப்பையும் அதனதன் இடத்தில் வைத்துவிடுவதாக மட்டும் சொன்னார்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் பேசாமல் இருந்தேன். எனக்குப் பேசாமல் இருப்பதை விட உபவாசம் இருப்பது சுலபம். ஆபீஸ் போய், பொறுப்பை ஒப்படைக்க அந்த வாரம்வரை தங்கியிருந்த ஸ்கேலிடம் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொண்டு சாயங்காலம் வந்தேன். அதற்குள் இவர் பார்சரின் முதல் பாடத்தையே மாற்றி எழுதியிருந்தார். இப்போது ஒவ்வொரு பொருளும் தன்னைப் பற்றிய குறிப்பைத் தானே சுமந்துகொண்டு வரும். எழுதுகிற பாதி அதையும் சேர்த்து எழுதும். பழைய ஃபைலைக் குறிப்போடு படித்து, புது ஃபைலைத் திருத்தத்தோடு படித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்திக்கொண்டு போய், ஒரே டிரைவர் எதிர்ப்படும்போது குறிப்பை இங்கிருந்து அங்கே கைமாற்றுவது என்பது ஏற்பாடு. ஓர் இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு சந்தேகம். குறிப்பு ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு வரியில இருக்கு. அது யாருக்குச் சொந்தம்? மேல இருக்கறவருக்கா, கீழ இருக்கறவருக்கா?"

இது ஒரு கேள்வியா என்று இருந்தது எனக்கு. முதலில் குறிப்பு, அதற்குக் கீழே ஆள். பதினோரு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். கீழே இருப்பவருக்கு என்று சொன்னேன். அதுதான் அன்று நான் அவரோடு பேசிய ஒரே பேச்சு.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் எழுந்து வந்தபோது காபி தயாராக இருந்தது, பக்கத்தில் ஒரு தாளும் இருந்தது. சில குறிப்புகளில் இரண்டு அரைப்புள்ளி இருக்கிறதே, அவை யாருடையவை என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவருடைய பழக்கம் அது என்றேன். அப்படியானால் அவர் மேலே இருக்கிற ஆளைப் பற்றித்தான் கீழே எழுதுவார் போலிருக்கிறது என்றார். அவருடைய குறிப்புகளில் எழுபதில் ஆளின் நம்பரும் சேர்ந்தே இருக்கிறது. எழுபதும் மேல் வரியோடுதான் ஒத்துப்போகின்றன. நம்பர் இருந்ததால் அவற்றை நான் சரியாகப் படித்திருக்கிறேன். நம்பர் இல்லாதவை ஒன்பது. அந்த ஒன்பதைத் தாளில் எழுதி வைத்திருந்தார்.

அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். யாருக்கோ வயிற்றுக் கோளாறு என்று சொல்லி பத்து நிமிடம் கூடுதல் இடைவேளை கொடுத்த குறிப்பு. நான் அதைப் பதினோரு வருடமாகக் கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஓர் ஆளுக்குக் கொடுத்து வந்திருக்கிறேன். இப்படி எட்டு, சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்பதாவது இது.

(டிரைவர் 41 (தடம் 7) (ஷிப்ட் காலை))
;; ஏழாம் தடத்தில் போடாதே. காரணம் கேட்காதே.
(டிரைவர் 42 (தடம் 15) (ஷிப்ட் மாலை))

நான் வேலைக்கு வந்த முதல் சார்ட்டிலேயே 41ஐ ஏழில் போட்டவள் நான்தான். அமைதியான மனிதர், நேரம் தவறாதவர், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறவர். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் அவரை அந்தத் தடத்தில் அனுப்பி வைத்திருக்கிறேன். 42க்காக உருகியதெல்லாம் வீண். அந்த ஆளுக்கு ஒரு துக்கமும் இல்லை. நிழலான ரோடு வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் படியில் நின்று நான் பேசிய பேச்சுக்கு, வேறு யாராவது இருந்தால் அந்த நிமிடம் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இவருடைய பிழைக்கு வயது மூன்று வாரம். என்னுடையதற்குப் பதினோரு வருடம். அவர் காபியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஆறுவதற்குள் குடி என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதர் மேல் எனக்கு உள்ள பிரியத்தில் பெரும்பகுதி, அவர் சொல்லாமல் விட்டவற்றால் வந்தது.

அன்று மதியத்துக்குள் குறிப்புகள் வீடு திரும்பின. ஆயிரத்து நூற்றுப் பதினேழு தானாகவே இடம் சேர்ந்தன. இருபத்து மூன்றுக்கு உரியவர்கள் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், வேறு டிப்போவுக்குப் போனவர்கள். அவற்றைக் கடைசியில் தனியாக ஓர் இடத்தில் வைத்தார், ஒன்றையும் விட மனசில்லாமல். ஸ்கேல் நேராக்கியதில் பத்தொன்பதை நான் மறுபடி கோணலாக்கினேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பாகப் படித்து, இது தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்று வருத்தப்பட்டார். பிறகு 41ஐ ஏழிலிருந்து எடுத்துப் பன்னிரண்டாம் தடத்தில் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்காதே என்றுதானே எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாதிரி சார்ட் பலகைக்குப் போனது. ஆட்சேபம் இருப்பவர்கள் பன்னிரண்டுக்குள் சொல்லலாம். 42க்கு ஏழு கிடைத்துவிட்டது. அவர் ஜன்னலுக்கு வந்து, இத்தனை வருடம் ஏன் கொடுக்கவில்லை, நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டார். ஒரு பாவமும் செய்யவில்லை, அதுதான் விஷயம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, சந்தோஷத்தில் புரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது 41 வந்தார். எத்தனையோ சார்ட் போட்டிருக்கிறேன், அவர் ஒருமுறைகூட ஜன்னல் பக்கம் வந்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஏழுலேருந்து எடுத்துட்டீங்களாம்மா" என்றார்.

ஆமாம் என்றேன்.

"முன்னாடி இருந்தவர்கிட்ட நான்தான் ஏழு வேண்டாம்னு சொல்லி வெச்சிருந்தேன். என் பொண்ணு வீடு அந்த ரோட்டுல நாலாவது ஸ்டாப். என்ன மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பேச்சுவார்த்தை கிடையாது. அவ வாசலத் தாண்டி வண்டி ஓட்ட என்னால முடியாதுன்னு இருந்தேன். அப்புறம் நீங்க வந்து ஏழுலயே போட்டீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு மாசம் அந்த ஸ்டாப்புல கண்ணாடியப் பாக்காமயே ஓட்டினேன். ஒரு நாள் சரியான மழை. ஏறிட்டா. எடம் காலியா இருந்தும் உக்காரல. கடைசி ஸ்டாப் வரைக்கும் என் சீட்டுக்குப் பின்னாலயே நின்னுட்டு வந்தா. இப்ப தினமும் ஆறு நாப்பதுக்கு ஏறுவா, வேலைக்குப் போக. நீங்க விஷயம் தெரிஞ்சுதான் என்ன அங்க போட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேம்மா. நன்றி சொல்லணும்னு தோணும். வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு சொல்லல."

தலையை ஆட்டிவிட்டு அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படித் தோன்றியதும் உண்மை. ஆனால் என் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை என் எதிரில் நின்ற விதம் கண்ணுக்குள் இருந்தது. எனக்கு எதுவும் தெரியாது, குறிப்பு உங்களுடையது என்றே தெரியாது, பக்கத்து ஆளுடையது என்று தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அது தப்பாவே இருக்கட்டும்மா" என்றார்.

மேலே போன் செய்தேன். வீட்டுக்காரர் இருபத்திரண்டு படியையும் இரண்டிரண்டாகத் தாவி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. 41க்கு மறுபடி ஏழாம் தடம், 42 மாலை ஷிப்ட் என்பதால் இடிக்காது, 41க்குக் கீழே இருக்கிற குறிப்பை எடுத்துவிடுங்கள் என்றேன். மூன்று நாளாகச் சாப்பாடு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டுவந்து சேர்த்தவர். இப்போதுதானே வைத்தேன், எடுக்கவா என்று கேட்டார். அவருக்குக் கை வரவில்லை. 41 சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் உட்கார்ந்து தடத்தை மாற்றி, அந்த ஒரு வரியை எடுத்தார், படித்துப் பார்த்தார், எழுதினார், அச்சடித்துக் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிக்கு சார்ட்டை ஒட்டி, இரண்டு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்காரர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனது ஒன்றுதான், மீதி ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பதும் பத்திரமாக இருக்கிறதே, எதற்கு இப்போது அழுகை என்றேன்.

"அதுக்கில்ல" என்றார். "எடம் இருந்தும் உக்காராம, அப்பா சீட்டுக்குப் பின்னாலயே நின்னுட்டு வந்தான்னு சொன்னியே."